கம்பனி சொல்லும் கியர் பொக்ஸ் சேர்விஸ் இப்போது தேவையா என்று தீர்மானிப்பது எப்படி?

சேர்விஸுக்கு விட்ட வாகனத்தின் விலைக்கூறலில், எஞ்சின் ஒயிலுக்கும் பில்டருக்கும் கீழே நாம் கேட்காத சில வரிகளும் அச்சாகி வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனது வேகன் ஆர் காரை மட்டக்களப்பு நகருக்கு அருகிலுள்ள ஒரு சேர்விஸ் நிலையத்தில் விட்டபோது எனக்குத் தரப்பட்ட தாளில் அத்தகைய வரிகள் மூன்று இருந்தன: சிவிடி (கியர் படிகள் இல்லாமல் வேகத்தை மாற்றும் ஓட்டோ கியர் பொக்ஸ்) ஒயிலை மெஷின் பூட்டிக் கழுவி மாற்றுதல், டிபரன்ஷல் (வலுவை இரு பக்கச் சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சில்லுத் தொகுதி) ஒயில் மாற்றுதல், ட்ரைவ் ஷாப்ட் (அங்கிருந்து சில்லுக்குப் போகும் தண்டு) சேர்விஸ். கார் அப்போது 62,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. முதல் வரியைப் பற்றி யோசிக்க இடமிருந்தது. மூன்றாவது வரியில் என்னென்ன வேலை அடங்கும் என்று கேட்டபோது அங்கிருந்த எவராலும் சொல்ல முடியவில்லை. இரண்டாவது வரியோ என் காரில் தனியாக இல்லாத ஒரு பொருளுக்கு உரியது. முன் சில்லுகளால் மட்டும் இழுபடும் வேகன் ஆருக்குப் பின்புறத்தில் டிபரன்ஷல் கிடையாது. முன்புறத்தில் உள்ளதும் கியர் பொக்ஸின் கூட்டுக்குள்ளேயே அமைந்து அதே சிவிடி ஒயிலில்தான் சுழல்கிறது.

நான் சுட்டிக்காட்டியதும் அந்த வரியை மறுபேச்சில்லாமல் வெட்டினார்கள். அதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். கணினியில் கிலோமீற்றரைப் பதிந்தவுடன் எல்லா வாகனத்துக்கும் பொதுவான ஒரு பட்டியல் வருகிறது. மேசையில் இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பட்டியலை வாசித்துக் காட்டும் வேலைதான் கொடுக்கப்பட்டிருக்கிறது. வாகனத்தின் அடியைப் பார்த்த மெக்கானிக் வேறொருவர், அவர் நம்மோடு பேசுவதில்லை. இந்த இடைவெளியில்தான் தேவையில்லாத வேலை உள்ளே வருகிறது. உண்மையில் தேவையான வேலை விடுபட்டுப் போவதும் இதே இடைவெளியில்தான். இரண்டாவது இழப்பு முதலாவதைவிடப் பெரியது என்பதை என் மச்சானின் டபள் கெப்பில் கண்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களுக்கு முன்னர் வந்த வாகனங்களைத்தான் நம்மில் பலர் இன்னும் ஓட்டுகிறோம். கியர் பொக்ஸ் பழுதானால் வரக்கூடிய செலவை எண்ணிப் பயந்து சிலர் சொன்னதெல்லாம் செய்கிறார்கள். ஒருமுறை அதிகம் கட்டிவிட்ட கோபத்தில் வேறு சிலர் எதையும் செய்ய மறுக்கிறார்கள். எஞ்சினின் வலுவைச் சில்லுக்குக் கொண்டு செல்லும் பாகங்களின் சேர்விஸ் தேவையா என்பதை, வாகனத்தைச் செய்தவர் எழுதிய புத்தகம், அது ஓடிய பாதை, இன்று அதன் உள்ளே இருக்கும் ஒயில் ஆகியவற்றைக் கொண்டு ஒரு சாதாரண உரிமையாளரே பெருமளவு தீர்மானிக்கலாம்.

உங்கள் வாகனத்தில் இருக்கும் பெட்டி எது?

‘ஓட்டோ கியர்’ என்று ஒரே பெயரால் நாம் அழைக்கும் பெட்டிகள் உண்மையில் வெவ்வேறு வேலை செய்பவை. எனவே முதலில் உங்கள் வாகனத்தின் மாதிரிக் குறியீட்டை எஞ்சின் அறையிலோ கதவுத் தூணிலோ உள்ள தகட்டில் பார்த்து, அதற்குரிய கியர் பொக்ஸ் எது என்று அறிந்துகொள்ள வேண்டும். டொயோட்டாவின் அக்வா, ப்ரியஸ், அக்சியோ ஹைபிரிட் போன்றவற்றில் பெல்ட் என்பதே இல்லை. ஒரு கிரகப் பற்சில்லுத் தொகுதியும் இரண்டு மின்மோட்டார்களும் சேர்ந்துதான் வேகத்தை மாற்றுகின்றன. அக்வாவுக்கு ‘சிவிடி பெல்ட் தேயாமல் இருக்க இந்தச் சேர்விஸ் அவசியம்’ என்று ஒருவர் சொன்னால், அவர் எந்த வாகனத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று கேட்பதே சரியான பதில். ஆனால் அந்தப் பெட்டியிலும் ஒயில் இருக்கிறது, மோட்டார்களின் சூட்டை அது தாங்குகிறது, நீண்ட ஓட்டத்தின் பின் மாற்றுவது பயனுள்ளதே. அதற்குச் சொல்லப்படும் காரணம் மட்டும் பொருத்தமாக இருக்க வேண்டும்.

விட்ஸ், பெற்றோல் அக்சியோ, வேகன் ஆர், பெற்றோல் வெசல் ஆகியவற்றின் சிவிடியில் இரண்டு கப்பிகளுக்கு இடையே உருக்குப் பெல்ட் ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டு சுழல்கிறது. இந்த வகையில் ஒயிலுக்கு இரட்டை வேலை: தேய்மானத்தைக் குறைக்கவும் வேண்டும், பெல்ட் வழுக்காமல் பிடிக்க உதவவும் வேண்டும். ஆகவே பழைய ஒயிலின் பாதிப்பும் பிழையான ஒயிலின் பாதிப்பும் இவற்றில்தான் மிகக் கூடுதல். ஹோண்டாவின் வெசல் ஹைபிரிட்டும் 2013இல் வெளிவந்த ஃபிட் ஹைபிரிட்டும் இவற்றிலிருந்து வேறுபட்டவை. ஏழு கியர்களும் இரண்டு உலர் கிளட்ச்களும் கொண்ட பெட்டி அவற்றில் உண்டு. அவை நெரிசலில் உலுக்கினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் கிளட்ச், அதை இயக்கும் பகுதி, அல்லது கட்டுப்பாட்டு மென்பொருள். அந்த மென்பொருளுக்காகவே ஜப்பானில் 2013, 2014ஆம் வருடங்களில் வாகனங்களைத் திருப்பி அழைத்துத் திருத்தம் செய்தார்கள். அதற்குச் சிவிடி சேர்விஸ் என்று பணம் கட்டினால் உலுக்கல் அப்படியே இருக்கும்.

டிபரன்ஷல் பற்றிய ஐயத்தைத் தீர்க்க எந்தக் குறியீடும் தேவையில்லை. வாகனத்தின் பின்னால் குந்தியிருந்து இரு பின்சில்லுகளுக்கு நடுவே பாருங்கள். பூசணிக்காய் அளவில் ஓர் இரும்புக் குடமும் முன்பக்கமிருந்து அதற்குள் நுழையும் ஒரு நீண்ட தண்டும் இருந்தால் அங்கே தனி டிபரன்ஷல் உண்டு. அதற்குத் தனி ஒயிலும் உண்டு. கேடிஎச் வான், ஹைலக்ஸ், பொலேரோ போன்றவற்றில் இதைக் காணலாம். வெறும் குறுக்குச் சட்டம் மட்டும் இருந்தால் அந்த வரியை வெட்டச் சொல்லலாம். நான்கு சில்லும் இழுக்கும் வேகன் ஆர்களும் வெசல்களும் ஜப்பானிலிருந்து வந்திருக்கின்றன. அவற்றில் பின் டிபரன்ஷலும் வலுவைப் பின்னுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டியும் இருக்கும் என்பதால், பெயரை மட்டும் நம்பாமல் குனிந்து பார்ப்பதே நல்லது.

புத்தகத்தில் உள்ள கணக்கு

வாகனத்தோடு வந்த பராமரிப்புக் கையேட்டில் கியர் பொக்ஸ் ஒயிலுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதே அடுத்த கேள்வி. ஜப்பானிலிருந்து வந்த கார்களில் அந்தச் சிறு புத்தகம் பெரும்பாலும் கையுறைப் பெட்டிக்குள் ஜப்பானிய மொழியில் கிடக்கும். தொலைபேசியின் கமராவைப் பிடித்து மொழிபெயர்ப்பு வசதியில் வாசித்தால் போதிய அளவு விளங்கும். அதில் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ‘மாற்றுதல்’ என்று இருக்கிறதா, ‘பரிசோதித்தல்’ என்று இருக்கிறதா என்பது; பரிசோதிக்கச் சொன்ன இடத்தில் மாற்றும் வரி விலைக்கூறலில் வருவது அடிக்கடி நடக்கிறது. மற்றது, சாதாரணப் பாவனைக்கும் கடும் பாவனைக்கும் தனித்தனியே தரப்பட்ட கிலோமீற்றர்கள். மாதிரிக்கு மாதிரி இது பெரிதும் மாறும். கடும் பாவனையில் 40,000 அளவில் மாற்றச் சொல்லும் புத்தகங்களும் உண்டு, சாதாரணப் பாவனையில் 100,000 வரை விடும் புத்தகங்களும் உண்டு.

இதை உங்கள் ஓட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் ஓர் ஆசிரியை ஒரு நாளில் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் ஓடுகிறார். வருடத்தில் 200 நாட்கள் என்றால் 16,000 கிலோமீற்றர். ஒவ்வொரு 20,000இலும் கியர் ஒயில் மாற்றச் சொல்லும் நிலையத்தில் அவர் பதினைந்து மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பணத்தைக் கட்டுவார். புத்தகம் 40,000 என்றால் இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை போதும். இந்த வித்தியாசத்தை மேசையில் இருந்தபடி மனக்கணக்காகப் போட முடியாது. வீட்டிலிருந்து புறப்படும் முன்னரே தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

பாவித்த வாகனத்தை வாங்கியவர்களுக்கு முன்னைய சேர்விஸ் வரலாறு கையில் இருக்காது. ஜப்பானிய ஏலத் தாள் கிடைத்தால் அதில் உள்ள கிலோமீற்றரை மீற்றரோடு ஒப்பிடுங்கள். மீற்றர் குறைத்துக் காட்டினால் புத்தகக் கணக்கு எல்லாம் பயனற்றுப் போய்விடும். வரலாறு தெரியாத வாகனத்துக்கு, ஒயில் ஒருபோதும் மாற்றப்படவில்லை என்று எண்ணி ஒருமுறை மாற்றிவிட்டு, அன்றிலிருந்து உங்கள் சொந்தக் கணக்கைத் தொடங்குவதே என் ஆலோசனை. அந்த ஒருமுறைச் செலவை நான் தேவையான செலவாகவே கருதுகிறேன். மாற்றும் காலம் எதையும் குறிப்பிடாமல் ‘வாழ்நாள் ஒயில்’ என்று விட்டுவிடும் பெட்டிகளுக்கும், பத்து வருடம் கடந்த பின் இதையே சொல்வேன்.

வாகனம் இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு வேலையையும் உரிய கிலோமீற்றரில் செய்து, பற்றுச்சீட்டை வைத்திருக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. புத்தகத்துக்கு வெளியே உள்ள வேலையைச் செய்யாவிட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

வெள்ளமும் பாரமும் மலையும்

கடும் பாவனை என்ற சொல்லைப் புத்தகம் எழுதியவர்கள் குளிர்நாட்டில் இருந்துகொண்டு எழுதியிருந்தாலும், அதன் பொருள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வாகனம் வைத்திருப்பவருக்கு நன்றாக விளங்கும். தூசி, நீர், பாரம், நீண்ட ஏற்றம், நின்று நின்று ஓடும் நெரிசல் என்பவையே அது. கல்லடியிலிருந்து நகருக்குப் போய்வரும் காருக்கு இது பொருந்தாது. அறுவடைக் காலத்தில் சம்மாந்துறை வயற்பாதைகளில் நெல் மூட்டையோடு முதல் கியரில் ஊரும் கெப்புக்கு முழுமையாகப் பொருந்தும். மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் பதினெட்டு வளைவுகளில் ஆட்களோடு ஏறும் சிவிடி காரில் ஒயில் அளவுக்கு மேல் சூடாகும். வருடத்தில் ஒருமுறை போவதால் ஒன்றுமில்லை, வாரந்தோறும் வாடகைக்கு ஓடினால் கடும் பாவனைக் கணக்கைத்தான் பின்பற்ற வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வந்த வெள்ளத்தில் என் மச்சான் தன் டபள் கெப்பைப் படுவான்கரைப் பாதையொன்றில் சில்லின் நடுப்பகுதியைத் தாண்டிய நீருக்குள் பலமுறை ஓட்டினார். எஞ்சினுக்குள் நீர் போகவில்லை. வண்டி நன்றாகவே ஓடியது. சில வாரம் கழித்துக் கம்பனி சேர்விஸுக்கு விட்டார். டிபரன்ஷல் ஒயில் மாற்றி 8,000 கிலோமீற்றர்தான் ஆகியிருந்தது என்பதால் பட்டியலில் அது வரவில்லை. எஞ்சினைக் கழுவும் ஒரு திரவம் மட்டும் வந்திருந்தது. வீட்டு முற்றத்தில் நான் பின் டிபரன்ஷலின் நிரப்பும் அடைப்பைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டி வந்தது தேன் நிறத்து ஒயில் அன்று; நுரை கட்டிய பால் தேநீரின் நிறத்தில் கொழகொழப்பாக ஏதோ ஒன்று. வடித்தபோது முதலில் சிறிது வெறும் தண்ணீர் வந்தது, பிறகுதான் அந்தக் கலவை வந்தது.

இது நடக்கும் விதம் எளிமையானது. ஓடிக்கொண்டிருக்கும் டிபரன்ஷல் சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி விரிந்திருக்கும். அது திடீரென்று வெள்ளத்தில் அமிழும்போது காற்றுச் சுருங்கி, மூச்சுவிடும் சிறு குழாய் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நீர் கலந்த ஒயில் பற்சில்லுகளையும் பெயரிங்குகளையும் காப்பதில்லை; வாகனம் நிறுத்தியிருக்கும் நேரத்தில் அங்கே துருவும் பிடிக்கும். ஆகவே சில்லின் நடுவைத் தொடும் நீருக்குள் வாகனம் போயிருந்தால், கிலோமீற்றர் எதுவாக இருந்தாலும், டிபரன்ஷல், ட்ரான்ஸ்பர் பெட்டி (நான்கு சில்லும் இழுக்கும் வாகனங்களில் வலுவைப் பிரித்து அனுப்புவது), கையால் மாற்றும் கியர் பொக்ஸ் ஆகியவற்றின் அடைப்பைக் கழற்றிப் பார்ப்பது கட்டாயம். சுத்தமாக இருந்தால் அப்படியே மூடிவிடலாம். அதே நாளில் பின் டிபரன்ஷலுக்கு வலுவைக் கொண்டு செல்லும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் ஷாப்டின் நிப்பிள்களுக்குக் கிறீஸ் அடித்துவிட வேண்டும். மிகக் குறைந்த செலவில் முடியும் இந்த வேலை நான் பார்த்த எந்த விலைக்கூறலிலும் தானாக வந்ததில்லை. கடற்கரையில் வள்ளம் ஏற்றி இறக்கும் வாகனங்களுக்கு உப்பும் சேர்வதால் இதை இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும்.

ஒயிலைப் பார்ப்பதும் வாகனத்தைக் கேட்பதும்

அளவுகோல் உள்ள கியர் பொக்ஸ் என்றால் எஞ்சின் சூடான பின் அதை இழுத்து, வெள்ளைக் காகிதத்தில் இரண்டு துளி விட்டு, நிழலில் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். புதிய ஓட்டோ கியர் ஒயில் பொதுவாகச் சிவப்பாக இருக்கும்; சிவிடி ஒயில்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பல நிறங்களில் வருகின்றன. ஓடிய பின் பழுப்பு நிறமாவது இயல்பு. நிறம் மாறியிருக்கிறது என்பதை மட்டும் காட்டி மாற்றச் சொன்னால் அது போதிய காரணம் ஆகாது. காகிதத்தில் கருமையான மையமும் கருகிய மணமும் இருந்தால் ஒயில் வெந்துவிட்டது என்று பொருள். இளஞ்சிவப்புப் பால்போல இருந்தால் நீரோ குளிரூட்டும் திரவமோ கலந்திருக்கிறது. அந்த வாகனத்தை அதற்கு மேல் ஓட்டவே கூடாது. வடிகால் அடைப்பின் காந்தத்தில் மை போன்ற மெல்லிய சாம்பல் பசை படிந்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. விரலில் தேய்க்கும்போது நெருடும் துணுக்குகளும் மின்னும் சீவல்களும்தான் கவலைக்குரியவை.

அளவுகோல் இல்லாத பெட்டிகள் இப்போது அதிகம். அவற்றில் ஒயில் குறித்த ஒரு வெப்பநிலையில், பல மாதிரிகளில் 40 பாகை செல்சியஸை ஒட்டிய அளவில், மட்ட அடைப்பைத் திறந்து வழிவதைக் கொண்டு அளவு பார்க்கப்படுகிறது. நமது ஊரின் மத்தியான வெயிலில் ஓடி வந்த காரை உடனே ஏற்றி இதைச் செய்தால், விரிந்திருக்கும் ஒயில் தேவைக்கு மேல் வழிந்து, ஆறிய பின் பெட்டிக்குள் அளவு குறைந்துவிடும். ‘வெப்பநிலையை எதில் பார்க்கிறீர்கள்?’ என்று கேட்டு, வாகனத்தின் கணினியை வாசிக்கும் ஸ்கேனரைக் காட்டுபவரிடம் மட்டுமே இந்த வேலையை ஒப்படைப்பது நல்லது.

ஒழுக்குப் பார்ப்பதற்கு நம் மணல் முற்றம் உதவாது. மணல் எல்லாவற்றையும் குடித்துவிடும். இரவில் வாகனத்தின் கீழே ஒரு பெரிய அட்டைப் பெட்டியை விரித்துப் போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். தெளிந்த நீர் ஏசியினுடையது, கறுப்பு பெரும்பாலும் எஞ்சின் ஒயில், சிவப்போ பழுப்போ கியர் பொக்ஸ் பக்கம். ஒழுக்கு இருந்தால் ஒயில் மாற்றுவதைவிடச் சீலை மாற்றுவதே முதல் வேலை. முன்சில்லை முழுவதும் ஒரு பக்கம் திருப்பி அதன் பின்னால் டோர்ச் அடித்துப் பார்த்தால் ட்ரைவ் ஷாப்டின் ரப்பர் பூட் தெரியும். அது வெடித்துச் சுற்றிவரக் கிறீஸ் தெறித்திருந்தும் வளைவில் சத்தம் இல்லையென்றால் பூட்டையும் கிறீஸையும் மட்டும் மாற்றலாம். முழுதாகத் திருப்பி ஓடும்போது ‘டக் டக்’ என்று கேட்கத் தொடங்கிவிட்டால் ஜொயின்ட் தேய்ந்துவிட்டது. பூட் முழுமையாக இருக்கும் வாகனத்துக்கு ‘ட்ரைவ் ஷாப்ட் சேர்விஸ்’ என்று செய்ய எதுவும் இல்லை. என் தாளின் மூன்றாவது வரியை நான் வெட்டச் சொன்னது இந்த டோர்ச் வெளிச்சத்தைக் கொண்டுதான்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். ஏறாவூரைத் தாண்டி வாழைச்சேனைப் பக்கம் காலையில் வெறுமையாகக் கிடக்கும் நேர்ச்சாலை போதும். ‘டி’யில் போட்டதும் இழுவை தாமதிக்கிறதா, மெதுவான வேகத்தில் நடுங்குகிறதா, வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் இரைச்சல் இருக்கிறதா, அக்சிலேட்டரை விட்டு மிதிக்கும்போது அடியில் இடிபடுகிறதா என்று கவனித்து, எந்த வேகத்தில் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்ன இடி பெரும்பாலும் புரொப்பெல்லர் ஷாப்டின் குறுக்கு மூட்டுத் தேய்வது. கியர் ஒயில் மாற்றினால் அது தீராது.

கழுவுதல் என்னும் வரி

மெஷின் பூட்டிப் பழைய ஒயிலைத் தள்ளி எடுப்பதும், கீழே வடித்து அதே அளவு புதிது ஊற்றுவதும் ஒன்றல்ல. சாதாரணமாக வடிக்கும்போது சிறு கார்களின் சிவிடியில் மூன்று நான்கு லீற்றர் மட்டும் வெளியே வரும். மீதி, எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள டோர்க் கொன்வேட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். இதைக் காரணம் காட்டி மெஷினைப் பரிந்துரைப்பார்கள். நீண்டகாலம் மாற்றப்படாத பெட்டியில் அழுத்தத்தோடு கழுவினால், அடியில் அமைதியாகக் கிடந்த கசடு கிளம்பி நுண்ணிய வால்வுகளில் சிக்க இடமுண்டு. வடித்து ஊற்றி, ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை வடித்து ஊற்றுவதை நான் விரும்புகிறேன். கழுவும்படி உங்கள் புத்தகமே சொல்லியிருந்தால் ஒழிய அந்த வரிக்குச் சம்மதிக்க வேண்டாம்.

‘பழைய கியர் பொக்ஸில் ஒயிலை மாற்றினால் பெட்டி போய்விடும்’ என்று ஊரில் சொல்லப்படுவதையும் இங்கே கவனிக்க வேண்டும். ஏற்கனவே வழுக்கத் தொடங்கிய பெட்டிக்குக் கடைசி முயற்சியாகப் புது ஒயில் ஊற்றப்படுகிறது. சில நாளில் அது நின்றுவிட்டால் பழி ஒயிலின் மேல் விழுகிறது. நன்றாக ஓடும் பெட்டிக்குச் சரியான ஒயிலை வடித்து ஊற்றுவதால் கெடுதி வராது. வழுக்கும் பெட்டிக்கு ஒயில் மாற்றம் சிகிச்சையும் அல்ல. அந்த நிலையில் முதலில் ஸ்கேனரில் பிழைக் குறியீடுகளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேசையில் கேட்க வேண்டியவை

விலைக்கூறல் கையில் வந்ததும் சம்மதத்தையோ மறுப்பையோ உடனே சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ‘தம்பி, இந்த வேலை புத்தகத்தில் எத்தனை கிலோமீற்றரில் இருக்கிறது? வாகனத்தில் எதைக் கண்டு இதை எழுதினீர்கள்? அடுத்த சேர்விஸ் வரை விட்டால் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். எதையாவது உண்மையில் கண்டவர் உங்களை வாகனத்தின் அடிக்கே அழைத்துப்போய்க் காட்டுவார். அப்படிக் காட்டப்பட்ட வேலையை நான் தள்ளிப்போட்டதில்லை. ‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்பதோ ‘வாகனத்துக்கு நல்லது’ என்பதோ மட்டும் பதிலாக வந்தால், எஞ்சின் ஒயிலோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்து யோசிக்கலாம். கருகிய மணம், பால் நிறம், உலோகச் சீவல், ஒழுக்கு ஆகிய நான்கைத் தவிர வேறு எதுவும் அன்றே முடிவு செய்யும்படி உங்களைக் கட்டாயப்படுத்தாது.

செய்வது என்று தீர்மானித்தால் எந்த ஒயில் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஹோண்டாவின் சிவிடிக்கு எச்சிஎஃப்-2, டொயோட்டாவின் சிவிடிக்கு சிவிடி எஃப்ஈ, டொயோட்டா ஹைபிரிட்டுக்கு ஏடிஎஃப் டபிள்யூஎஸ், நிசானின் சிவிடிகள் பலவற்றுக்கு என்எஸ்-3 என்று தனித்தனியே உண்டு. உங்கள் மாதிரிக்கு உரியதைப் புத்தகத்திலிருந்து எழுதிக்கொண்டு போங்கள். சிவிடிக்குச் சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றுவது, மாற்றாமல் விடுவதைவிடக் கெடுதியானது. கையால் மாற்றும் கியர் பொக்ஸ் பலவற்றுக்கு ஜீஎல்-4 தரமும் டிபரன்ஷலுக்கு ஜீஎல்-5 தரமும் கேட்கப்படுகின்றன. இரண்டுக்கும் ஒரே பரலிலிருந்து ஊற்றும் இடங்களில், ஜீஎல்-5இல் உள்ள சேர்மானங்கள் கியர் பொக்ஸின் பித்தளை வளையங்களைக் காலப்போக்கில் அரிக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். சீல் உடைக்காத டின்னை உங்கள் முன்னால் திறக்கச் சொல்வதும், வடித்த பழைய ஒயிலைப் பார்க்கக் கேட்பதும் எவரையும் அவமதிப்பதாகாது. செய்யாத வேலைக்குப் பணம் வாங்கப்பட்டது என்று தெரியவந்து பேச்சில் தீராவிட்டால், பற்றுச்சீட்டோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

வேலை முடிந்த நாளின் கிலோமீற்றரையும் ஒயிலின் பெயரையும் ஊற்றிய லீற்றர் அளவையும் பற்றுச்சீட்டில் எழுதுவித்து, அதைத் தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் அந்தச் சீட்டுகள் ஒரு வருடத்தில் வெளிறிவிடுகின்றன. அன்றிரவு மறுபடியும் அட்டையை விரித்துப் போட்டு, காலையில் வடிகால் அடைப்பைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.